கடலூர்ச் சிறையில் 24 நாட்கள்

ருமேனிய தேசத்தில், காம்பினா என்னும் எண்ணெய்க் கிணற்று ஊரிலிருந்து 1928-ல் 'ஊர்முஸ்' என்ற சிற்றேட்டை வெளியிட்டு, மரபுக்கு அடங்காத கவிதைகளை எழுதி, அவை ஆபாசமானவை என்று குற்றம் சாட்டப்பட்டுச் சிறை சென்று, பிற்காலத்தில் ஜியூ பள்ளத்தாக்கின் நிலக்கரித் தொழிலாளரிடையே போய் அவர்கள் வாழ்க்கையை நேரில் கண்டு எழுதிய ஜியோ போக்ஸாவின் சரித்திரத்தைச் சென்ற இதழில் பார்த்தோம். நிலக்கரியை நம்பி உயிர்த்திருக்கும் நெய்வேலியில் அமர்ந்து அதை எழுதியபோதே, அடுத்து யாரைப் பற்றி எழுதவேண்டும் என்பது எனக்குத் தீர்மானமாகிவிட்டது. போக்ஸா பத்து வயதுப் பாலகனாக இருந்த 1918-ஆம் வருஷத்தில், நம் ஊரிலிருந்து வடலூரும் குறிஞ்சிப்பாடியும் தாண்டிப் போய்ச் சேருகிற கடலூரிலே, கவிஞரும் பத்திராதிபருமான ஒருவரை ராஜாங்கம் பிடித்து அடைத்து வைத்திருந்தது. அவரைத் தெரியாத தமிழர் இல்லை. நம் நகரியத்து விளையாட்டரங்கம்கூட அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. ஆயினும் அவர் இந்தத் தென்னார்க்காட்டு மண்ணில் கைதியாய்க் கழித்த நாட்களைப் பற்றி, இங்கேயே பிறந்து வளர்ந்த நம்மில் பலரும் விவரமாக அறிந்ததில்லை.

1918 நவம்பர் 11-ஆம் தேதி ஐரோப்பிய மகாயுத்தம் ஓய்ந்தது. அதற்கு ஒன்பது நாள் கழித்து, 20-ஆம் தேதியன்று, பத்து வருஷங்களாகத் தமக்கு அடைக்கலம் தந்திருந்த பிரெஞ்சுப் புதுச்சேரியை நீங்கி பிரிட்டிஷ் எல்லைக்குள் காலடி வைத்த சுப்பிரமணிய பாரதியார், கடலூருக்கு அருகில் கைதானார். புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே தூரம் இருபது மைல்கூட இல்லை. அந்த வழியில் இருக்கும் பாகூர்ப் பக்கத்தில், பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே பிரெஞ்சுக்காரர்கள் பூமியைத் துளையிட்டுப் பழுப்பு நிலக்கரி இருப்பதைக் கண்டிருந்தார்கள். நம் ஊரில் ஜம்புலிங்க முதலியார் நிலத்துக் கிணற்றில் கரிய பொருள் வெளிப்பட்டது 1930-களின் நடுவில். சுரங்க வேலையை நேரு தொடங்கி வைத்தது 1957-ல். நம் ஊரைச் சேர்ந்த இவ்விரண்டும் பின்னால் நடக்கப்போகிறவை. பாரதியார் கடந்துபோன காலத்தில் இந்தப் பிரதேசம் முந்திரியும் சவுக்கும் கம்பும் விளைகிற செம்மண் காடு. கடலூர் ஒரு ஜில்லாத் தலைநகரம். அங்கே ஒரு ஜெயில் இருந்தது.

கைது செய்வதற்குப் புதிதாய் ஒரு குற்றம் வேண்டியிருக்கவில்லை. இந்தியாவுக்குள் நுழைவோரைத் தடுத்து நிறுத்தும் அதிகாரத்தை, யுத்தம் தொடங்கிய 1914-லேயே ஓர் அவசரச் சட்டத்தின் மூலம் சர்க்கார் எடுத்துக்கொண்டிருந்தது. தம் தேசத்துக்குள் தாம் திரும்பி வந்ததே அன்று பாரதியார் செய்த காரியம். அப்படியானால் முப்பத்தாறு வயதுகூட நிறையாத, செல்வமோ சேனையோ பின்னால் இல்லாத ஒரு பிராமணக் கவிஞரிடத்தில் சென்னை ராஜதானி அத்தனை அச்சம் கொண்டதற்குக் காரணம் என்ன என்ற கேள்வி எழுகிறது. அதற்கு விடை காண வேண்டுமானால், அவர் கவிதை எந்த உலையில் காய்ச்சப்பட்டது என்பதைச் சற்றுப் பின்னோக்கிப் போய்ப் பார்க்கவேண்டும்.

எட்டயபுரத்தில் 1882 டிசம்பர் 11-ல் பிறந்து, பதினொரு வயதில் 'பாரதி' என்ற பட்டம் பெற்று, காசியில் சில வருஷம் படித்து, சமஸ்தானத்துக்குத் திரும்பி ஜமீன்தாரின் பரிவாரத்தில் ஒருவராய் இருந்த அந்த இளைஞர், 1904-ல் மதுரை சேதுபதி உயர்நிலைப் பள்ளியில் மூன்று மாதம் தமிழ்ப் பண்டிதராக வேலை பார்த்தார். அவ்வருஷம் ஜூலையில் 'விவேகபாநு' பத்திரிகையில் வெளியான அவருடைய 'தனிமை இரக்கம்' என்னும் பாடலை இன்று படிப்பவர்கள், நிகண்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் படிக்கவேண்டும். அத்தனை கடின பதங்கள். அதை எழுதியவரே எட்டு வருஷம் கழித்து 'பாஞ்சாலி சபத'த்தின் முதல் பாகத்தை வெளியிட்டபோது, எளிய பதமும் எளிய நடையும் பொதுஜனங்கள் விரும்பும் மெட்டும் கொண்டு காவியம் செய்கிறவனே தாய்மொழிக்குப் புத்துயிர் தருகிறவன் என்று முகவுரையில் எழுதினார். இந்த மாறுதல் எங்கே நிகழ்ந்தது? ஏட்டுச்சுவடிகளின் நடுவில் அல்ல. 1904 நவம்பரில் ஜி. சுப்பிரமணிய ஐயர் அவரைச் சென்னைக்கு அழைத்து 'சுதேசமித்திர'னில் உதவி ஆசிரியராக அமர்த்திக்கொண்டாரே, அந்தக் காரியாலயத்து மேஜையில்தான் நிகழ்ந்தது என்பது என் திடமான அபிப்பிராயம். ஆங்கிலத்தில் வருகிற தந்திச் செய்திகளையும் தலைவர்களின் பிரசங்கங்களையும் அன்றன்றைக்கே தமிழாக்கி, அச்சுக்கோப்பவர் காத்திருக்கையில் எழுதிக் கொடுக்கவேண்டும். மறுநாள் அதை மளிகைக் கடைக்காரரும் படித்து அர்த்தம் பண்ணிக்கொள்ளவேண்டும். அந்தக் கட்டாயத்தில் எத்தனையோ பேருடைய தமிழ் வறண்டு போயிற்று. பாரதியாருடைய தமிழோ பட்டை தீட்டப்பெற்றது.

1906 மே மாதத்தில் மண்டயம் குடும்பத்தாரின் முயற்சியால் 'இந்தியா' வாரப் பத்திரிகை தோன்றியது. பாரதியார் அதன் உயிராக இருந்தார். அதன் ஓர் இதழைக் கையில் எடுத்த அந்தக் காலத்து வாசகனுக்கு என்ன தோன்றியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். காகிதமே சிவப்பு. முகப்பில் பிரெஞ்சுப் புரட்சியின் மூன்று மந்திரங்களான சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம். முதற் பக்கத்தில், அதுவரை தமிழ்ப் பத்திரிகைகளில் இல்லாத புதுமையாக, அரசியல் கேலிச் சித்திரம். எழுத்தறியாத ஒருவன் பார்த்தாலும் யார் கொள்ளையடிக்கிறவன், யார் பறிகொடுக்கிறவன் என்பது தெரிந்துவிடும். இதே காலத்தில் இத்தாலியக் கவிஞர் மரினெட்டி, பழையதை எல்லாம் உடைத்தெறிவோம் என்ற தம்முடைய எதிர்காலவாதப் பிரகடனத்தை, 1909 பிப்ரவரியில், பாரிஸ் நகரத்துத் தினசரியான 'லெ பிகாரோ'வின் முதற் பக்கத்தில் வெளியிட்டார் என்பதும், அதிலிருந்துதான் ஐரோப்பியப் புரட்சிக் கவிஞர்களின் பரம்பரை தொடங்குகிறது என்று சொல்வார்கள் என்பதும் நினைவுக்கு வருகின்றன. புதிய கவிதை பத்திரிகைத் தாளின் மேலேறி வருகிற காட்சியை அவ்விரண்டு மூன்று வருஷங்களில் பாரிஸும் கண்டது, சென்னையும் கண்டது. ஆனால் மரினெட்டி பழைய நூலகங்களை அழிக்கச் சொன்னார். பாரதியாரோ பழைய மெட்டுகளுக்குள் புதிய செய்தியை ஏற்றினார்.

இதற்கு நம் வாசகர்கள் விசேஷமாய் ரசிக்கக்கூடிய ஒரு திருஷ்டாந்தம் உண்டு. நமக்கு அண்டை ஊரான வடலூரில் சத்திய ஞான சபையைக் கண்ட இராமலிங்க சுவாமிகளின் பாடல்களை இவ்வட்டாரத்தில் மனப்பாடமாய்ச் சொல்லாதவர்கள் குறைவு. அவற்றுள் ஒன்றின் அமைப்பை அப்படியே எடுத்துக்கொண்டு, மிதவாதத் தலைவரான கோகலேயைக் கண்டித்து, 'கோக்கலே சாமியார் பாடல்' என்று ஒரு பரிகாசப் பாட்டைப் பாரதியார் இயற்றினார். கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தன் சரித்திர மெட்டில், அந்நிய அதிகாரி ஒருவன் சுதேசியை அதட்டுவதுபோல மற்றொன்று. தூத்துக்குடிக் கப்பல் கம்பெனி விவகாரத்தில் வ.உ. சிதம்பரம் பிள்ளைக்கும் கலெக்டர் விஞ்சுக்கும் நடந்த மோதல் அவர் கையில் வாதும் எதிர்வாதுமான இரண்டு பாடல்களாயிற்று. கோயிலிலும் பஜனை மடத்திலும் ஜனங்கள் ஏற்கெனவே பாடிக்கொண்டிருக்கிற ராகத்தில் அந்த வாரத்து அரசியலைச் சேர்த்துவிட்டால், அந்தப் பாட்டைப் பறிமுதல் செய்ய எந்தப் போலீஸாலும் இயலாது. பத்திரிகையைக் கொளுத்தலாம், ராகத்தை என்ன செய்வது? சென்னை சர்க்காரின் ரகசியப் போலீஸ் இலாகாவுக்கு இது நன்றாகவே புரிந்திருந்தது. அவர்கள் இலக்கிய விமர்சகர்கள் அல்லர். ஆனாலும் பாரதியாரின் கவிதையையும் பத்திரிகைத் தொழிலையும் இரண்டாகப் பிரிக்க முடியாது என்ற உண்மையை, பிற்காலத்து விமர்சகர்கள் பலருக்கும் முன்பாகவே அவர்கள் கண்டுகொண்டார்கள்.

1908 மார்ச்சில் வ.உ.சி. கைதானார், ஜூலையில் அவருக்கு நாற்பது வருஷத் தண்டனை விதிக்கப்பட்டது. அடுத்து வலை விழுந்தது 'இந்தியா'வின் மேல். சட்டப்படி ஆசிரியராகப் பதிவாகியிருந்த ஸ்ரீநிவாசன் ஆகஸ்டில் பிடிபட்டுச் சிறை சென்றார். நண்பர்களின் வற்புறுத்தலுக்கு இணங்கிப் பாரதியார் புதுச்சேரிக்குப் போனார். அவ்வருஷம் அக்டோபரிலேயே 'இந்தியா' அங்கிருந்து மறுபடி வெளிவந்தது. 'விஜயா', 'சூர்யோதயம்', 'கர்மயோகி' என்று மேலும் மேலும் பத்திரிகைகள். இவை பிரிட்டிஷ் இந்தியாவுக்குள் வரலாகாது என்று தடை விதிக்கப்பட்டதால், 1910 மார்ச்சோடு 'இந்தியா' நின்றது; மற்றவையும் ஒன்றன்பின் ஒன்றாக ஓய்ந்தன. 1911 ஜூனில் மணியாச்சியில் கலெக்டர் ஆஷ் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு புதுச்சேரியிலிருந்த சுதேசிகள் ஒவ்வொருவரையும் ஒற்றர்கள் சுற்றிச் சுற்றி வந்தார்கள். அதே வருஷத்தில் பாரதியாரின் 'கனவு' என்னும் சுயசரிதைப் பாடலும் 'ஆறில் ஒரு பங்கு' என்னும் கதையும் பறிமுதலுக்கு உள்ளாயின. ஒரு கவிஞன் தன் பிள்ளைப் பிராயத்துக் காதலையும் தகப்பனாரின் வறுமையையும் பாடிய நூலைக்கூட ராஜத்துரோகமாய்க் கருதும் அளவுக்கு அந்தப் பெயரின் மேல் சந்தேகம் படிந்திருந்தது.

பத்திரிகை பறிபோனதும் கவிதை கொழித்தது. 'கண்ணன் பாட்டு', 'குயில்', 'பாஞ்சாலி சபதம்' எல்லாம் புதுவை தந்தவை என்பதை எல்லோரும் அறிவர். நான் இங்கே நின்று சொல்ல விரும்புவது, அவ்வளவாகப் பேசப்படாத 'காட்சி' என்னும் வசன கவிதைகளைப் பற்றியே. எதுகை இல்லை, சீர் இல்லை, தளை இல்லை. ஞாயிறையும் காற்றையும் கயிற்றையும் நோக்கி வேதத்து ரிஷிகளைப்போல ஒருவர் வியந்து பேசுகிறார். அமெரிக்கக் கவி வால்ட் விட்மனைப் பற்றிப் பாரதியார் கட்டுரை எழுதியிருக்கிறார். ஜப்பானியரின் மூன்று வரிக் கவிதையைப் பற்றி 1916-ல் 'சுதேசமித்திர'னில் எழுதியிருக்கிறார். யாப்பின்றியும் கவிதை நிற்கும் என்பதை உலகத்தின் இரு கோடிகளிலிருந்தும் அறிந்துகொண்டு, தமிழில் தாமே அதைச் செய்து பார்த்த துணிவு, ந. பிச்சமூர்த்தியின் தலைமுறைக்குப் பாதை வெட்டிக் கொடுத்தது. சீர் தளை எல்லாம் கைவந்த ஒருவர் அவற்றை விட்டு வெளியே வருவதற்கும், அவை வராத ஒருவர் வெளியே நிற்பதற்கும் உள்ள பேதத்தை, புதுக்கவிதை எழுதப் புகும் நம் இளைஞர்கள் 'காட்சி'யைப் படித்து உணரவேண்டும் என்று மனமார வேண்டுகிறேன்.

இனிக் கடலூருக்குத் திரும்புவோம். அவரை வைத்திருந்தது ஜில்லாச் சிறை. கேப்பர் மலைச் சிறையில் பாரதியார் இருந்த அறை என்று ஓர் அறையை இன்றும் போற்றி வருகிறார்கள். அது கார்த்திகை மாதம்; வடகிழக்குப் பருவமழைக் காலம். கைதாகி எட்டாம் நாள், நவம்பர் 28-ஆம் தேதி, சென்னை கவர்னர் பெண்ட்லண்ட் பிரபுவுக்குச் சிறையிலிருந்து பாரதியார் ஒரு விஞ்ஞாபனம் அனுப்பினார். ஆங்கிலத்தில் எழுதியது. அரசியலைத் தாம் முற்றிலும் துறந்துவிட்டதாகவும், பிரிட்டிஷ் அரசாங்கத்துக்கு விசுவாசமாயும் சட்டத்துக்கு அடங்கியும் நடப்பதாகவும், தம்மை விடுதலை செய்யவேண்டும் என்றும் அதில் சொல்லியிருக்கிறார்.

இந்த விஞ்ஞாபனத்தைப் பக்தர்கள் மறைக்கப் பார்க்கிறார்கள். பகைவர்கள் எடுத்துக் காட்டிச் சிரிக்கிறார்கள். இரண்டும் பிசகு. வ.உ.சி.யைச் செக்கிழுக்க வைத்ததையும், சுப்பிரமணிய சிவாவைக் குஷ்டரோகியாக வெளியே அனுப்பியதையும் அந்த ராஜாங்கத்தின் சிறைகளே செய்தன என்பது பாரதியாருக்கு நன்றாகத் தெரியும். பத்து வருஷ அஞ்ஞாத வாசத்தில் தேகம் மெலிந்து, இரண்டு பெண் குழந்தைகளையும் செல்லம்மாளையும் காப்பாற்ற வழியின்றி, ஊர் போய்ச் சேர்ந்தால் போதும் என்று புறப்பட்டவர் அவர். அரசியல் பத்திரிகை நடத்துவதை அவர் நிறுத்தி எட்டு வருஷமாகிவிட்டது என்பதால், அந்த வாக்கியத்தில் பாதி உண்மையும் கூட. மற்றப் பாதி, பூட்டிய கதவுக்குப் பின்னாலிருந்து கதவைத் திறக்கச் சொல்லுகிற மனிதனின் குரல். அந்தக் குரலை நான் குறைவாக மதிக்கமாட்டேன். அரசியலை விடுவதாகச் சொன்ன அந்தக் காகிதத்தில், எழுதுவதை விடுவதாக அவர் சொல்லவில்லை.

சர்க்கார் கேட்டதோ அதைத்தான். ரகசியப் போலீஸின் டெப்டி இன்ஸ்பெக்டர் ஜெனரல் ஹானிங்டன் அவரைச் சிறையில் வந்து சந்தித்துப் பேசினார். 'சுதேசமித்திரன்' ஆசிரியர் ஏ. ரங்கசாமி ஐயங்கார் வெளியிலிருந்து முயன்றார். அன்னி பெசண்ட் அம்மையாரும் குரல் கொடுத்தார். முடிவில் நிபந்தனைகளோடு விடுதலை கிடைத்தது. குறித்த ஜில்லாவில் வசிக்கவேண்டும். எழுதுவதையும் பேசவிருப்பதையும் பிரசுரத்துக்கு முன் ரகசியப் போலீஸ் அதிகாரிக்கு அனுப்பி அனுமதி பெறவேண்டும். டிசம்பர் 14-ஆம் தேதி, 36 வயது நிறைந்து மூன்றாம் நாள், அவர் வெளியே வந்தார். பிறந்த நாளைச் சிறையிலே கழித்த அந்தக் கவிஞருக்கு, இனி எழுதும் ஒவ்வொரு வரிக்கும் முதல் வாசகர் ஒரு போலீஸ் உத்தியோகஸ்தர் என்று ஆயிற்று. ராஜத்துரோகச் சட்டத்தில் வழக்கு நடத்தித் தண்டித்திருந்தாலும் இவ்வளவு கொடுமை இராது. தண்டனைக்கு ஒரு நாள் முடிவு உண்டு, இதற்கு முடிவே குறிக்கப்படவில்லை.

கடலூரிலிருந்து அவர் செல்லம்மாளின் ஊரான கடையத்துக்குச் சென்றார். அங்கிருந்த காலத்தில் எட்டயபுரத்து ராஜாவுக்குப் பழைய புலவர்களைப்போலச் சீட்டுக்கவி எழுதிப் பார்த்தார். 1919-ல் சென்னையில் ராஜாஜி தங்கியிருந்த வீட்டில் காந்தியடிகளைச் சந்தித்தார். இவற்றையெல்லாம் விட என் மனத்தை ஆட்கொண்டது, 1920 ஜூனில் அவர் நண்பர்களுக்கு அனுப்பிய ஒரு சுற்றறிக்கை. தம் எழுத்துகள் அனைத்தையும் 40 புத்தகங்களாகப் பகுத்து, ஒவ்வொன்றிலும் 10,000 பிரதிகள் அச்சிட்டு, அரை ரூபாய் விலைக்கு விற்கப்போவதாக அதில் திட்டம் வகுத்தார். கூட்டிப் பார்த்தால் 4 லட்சம் பிரதிகள்! மண்ணெண்ணெயும் தீப்பெட்டியும் எப்படி வீட்டுக்கு வீடு சாதாரணமாய் நுழைகின்றனவோ, அதைவிட விரைவாகத் தம் நூல்கள் தமிழ்நாட்டில் பரவும் என்று எழுதினார். முதலுக்கு நண்பர்களிடம் கடன் கேட்டார். பணம் வரவில்லை, ஒரு புத்தகமும் வரவில்லை. இந்தக் கணக்கை வறுமையில் உழன்ற ஒருவரின் பகற்கனவு என்று ஒதுக்குகிறவர்கள் உண்டு. அவர்கள் அந்தச் சுற்றறிக்கையில் பேசுகிற பத்திராதிபரைக் காணவில்லை. இலக்கியம் ஜமீன்தாரின் சபையிலே அல்ல, பெட்டிக்கடையிலே இடம் பிடிக்கவேண்டிய சரக்கு என்பதை 1920-ல் தமிழில் வேறு யார் இவ்வளவு தெளிவாகச் சொன்னார்? தேசத்துக்கு வேண்டிய பொருள்களை எல்லாம் வரிசைப்படுத்திப் பாடிய 'பாரத தேசம்' என்னும் பாட்டில், சுரங்கம் வெட்டிப் பொருள் எடுத்து எட்டுத் திசையிலும் விற்பதை அவர் சேர்த்திருக்கிறார். மண்ணுக்கடியில் கிடப்பதும் மனத்துக்கடியில் கிடப்பதும் வெளியே வந்து ஊருக்குப் பயன்படவேண்டும் என்று நினைத்தவர் அவர்.

1920-ன் இறுதியில் பொது மன்னிப்பு வந்து கட்டுப்பாடுகள் நீங்கியதும், அவர் போய்ச் சேர்ந்த இடம், தொடங்கிய அதே இடமான 'சுதேசமித்திரன்' காரியாலயம். திருவல்லிக்கேணியில் குடியேறி, கடைசி வரைக்கும் அந்தப் பத்திரிகைக்கு எழுதிக்கொண்டிருந்தார். 1921 செப்டம்பர் 11-ஆம் தேதி நள்ளிரவு கடந்த வேளையில் காலமானார். அப்போது வயது 38.

இறந்தவரையும் ராஜாங்கம் விடவில்லை. 1928-ல் பர்மா சர்க்கார் அவருடைய தேசிய கீதங்களைத் தடை செய்ய, அதைப் பின்பற்றிச் சென்னை சர்க்காரும் புத்தகப் பிரதிகளைக் கைப்பற்றியது. சட்டசபையில் சத்தியமூர்த்தி அதை எதிர்த்து வாதாடினார். அதன் பிறகு பாட்டுகளின் உரிமை குடும்பத்தார் கையிலும் வியாபாரிகள் கையிலுமாகப் பிரிந்து, இசைத்தட்டுக்கும் சினிமாவுக்கும் உரிய பாத்தியம் ஏவி. மெய்யப்பச் செட்டியாரிடம் இருந்தது. அவற்றை மீட்டு நாட்டுடைமை ஆக்கவேண்டும் என்ற கிளர்ச்சி எழுந்தபோது, செட்டியார் தம் பாத்தியத்தைப் பணம் வாங்காமலே விட்டுக்கொடுத்தார். 1949 மார்ச் 12-ல், பாரதி பாடல்களைச் சர்க்கார் ஏற்கிறது என்ற அறிவிப்பு வெளியாயிற்று. அப்போது சென்னை ராஜ்யத்தின் முதல் மந்திரியாக இருந்தவர், திண்டிவனத்துக்கு அடுத்த ஓமந்தூரில் பிறந்த விவசாயியான ராமசாமி ரெட்டியார். அன்றைய தென்னார்க்காடு ஜில்லாக்காரர். அவர் பதவியை விட்டு இறங்கியது அடுத்த மாதமே. கவிஞரைக் கைதியாக வைத்திருந்த ஜில்லாவின் மைந்தர் ஒருவர், பதவியின் கடைசி வாரங்களில் செய்து முடித்த காரியம் இது என்பதை நெய்வேலிப் பள்ளிகளில் வருஷந்தோறும் பாரதி விழா எடுக்கும் ஆசிரியர்கள் பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்லவேண்டும். கடலூர்ச் சிறையையும் அதோடு சேர்த்துச் சொல்லவேண்டும்.

அடுத்த இதழில், நம் சுரங்கங்களுக்கு வெகு அருகே, குறிஞ்சிப்பாடியைச் சேர்ந்த ஆடூரில் 1924-ல் பிறந்து, பாரதிதாசனிடம் பயின்று, பொதுவுடைமை இயக்கத்துக்குத் தம் கவிதையை ஒப்புக்கொடுத்து, நாற்பது வயதில் மறைந்த தமிழ்ஒளியின் சரித்திரத்தைக் காண்போம்.

(தொடரும்)